இருநூற்று அறுபத்து நாலு டிகிரி

கப்பலிலிருந்து, கொழும்புக்குத் தெற்கே
ஜூலை 4

அன்புள்ள ஷிஃபா லாத்தாவுக்கு,

ஸலாம். நான் சுகம். அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? மச்சான் கத்தாரிலிருந்து ஒழுங்காகப் பேசுகிறாரா? இந்த இரண்டுக்கும் முதலில் பதில் எழுது, மற்றதெல்லாம் அப்புறம்.

கப்பல் ரொம்பப் பழசு. வாட்ஸ்அப் கிடையாது, படம் போகாது. நாளுக்கு ஒரு தடவை வெறும் எழுத்து மட்டும் போகும், வரும். அதனால்தான் கடிதம்.

விஷயம் என் எஸ்டீம் கார். ஜனவரி கடைசியில் சென்னைக்கு வெளியே ஒரு பழைய விமான ஓடுதளத்தில் டிராக் ரேஸ் நடக்கிறது. நேர்கோட்டில் நானூற்றிரண்டு மீட்டர், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கார், யார் முதலில் என்பதுதான் பந்தயம். ரோட்டில் ஓடுகிற கார்களுக்கான வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டேன். ஓட்டப்போவது நீ. எனக்கு மார்ச்சுக்கு முன்னால் கப்பலைவிட்டு இறங்க முடியாது. தவிர, என்னைவிட நீ நன்றாக ஓட்டுவாய். இதை வெளியே சொல்லாதே. திருச்சி இனியவன் வண்டியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். பதினாறரை விநாடிக்குள் ஓடியதாக ரேஸில் தருகிற நேரச் சீட்டைக் காட்டினால் வாங்கிவிடுவான். அதை வைத்து நான் அடுத்த வண்டி கட்டுவேன்.

எஞ்சினில் பாக்கி கேம் ஷாஃப்ட் ஒன்றுதான். வால்வு எப்போது திறக்கும், எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்று முடிவு செய்கிற தண்டு அது. அந்த நேரத்தை டிகிரியில் சொல்வார்கள். டிகிரி கூடினால் ஆறாயிரம், ஏழாயிரம் சுற்றில் பேய் மாதிரி இழுக்கும், கீழே தூங்கும். குறைந்தால் கீழே இழுக்கும், மேலே மூச்சு வாங்கும். இரண்டும் ஒரே தண்டில் கிடைக்காது. கோயம்புத்தூரில் ஒருவர் அரைத்துத் தருகிறார். அவரிடம் 264 இருக்கிறது, 288 இருக்கிறது. எனக்கு 288 மேல்தான் கண்.

ஆனாலும் கேட்காமல் எடுக்கக் கூடாது. எடை மேடையில் ஏற்றினால் வண்டி எவ்வளவு? தினமும் ஓடுகிறதா? நிற்கும்போது ஏ.சி. வேண்டுமா? எந்த கியரில் அதிகம் போகிறாய்? கேம் வாங்குகிற எல்லோரும் இந்தக் கேள்விகளுக்குத்தான் பொய் சொல்வார்கள். நீ சொல்லாதே.

பூட்டில், அதாவது பின்னால் டிக்கியில், ஸ்டெப்னியைத் தவிர ஒரு துணிப்பைகூட இருக்கக் கூடாது. கிளம்பும்போதே சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன்.

துஆவில் என்னையும் சேர்த்துக்கொள்.
தம்பி ஜாபிர்


பொறையாறு
ஜூலை 21

அன்புத் தம்பி ஜாபிருக்கு லாத்தா எழுதுவது,

ஸலாம். இங்கே எல்லோரும் அல்லாஹ் காவலில் சுகம். அம்மா முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, நீ சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்கிறாள். கப்பலில் இருப்பவனைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும்? உன் மச்சான் வெள்ளிக்கிழமை தவறாமல் பேசுகிறார்.

எடை மேடைக்குப் போக நேரம் கிடைக்கவில்லை. வண்டி தினமும் ஓடுகிறது. விடிந்ததும் கும்பகோணம் வரை போய் வருகிறேன், கொஞ்சம் வேலை இருக்கிறது. நிற்கும்போது ஏ.சி. கட்டாயம் வேண்டும். கியர் என்றால் இரண்டும் மூன்றும்தான். மயிலாடுதுறை தாண்டுகிறவரை வேகத்தடைதானே ரோடு. பிரேக் மெத்தென்று பிடிக்க வேண்டும், கிளம்பும்போது குலுங்கக் கூடாது. 264-ஐயே வாங்கிவிடேன்.

மஜீது மாமா தன் ரைஸ்மில் களத்தை மாலையில் தருகிறார். நெல் காய்கிற சிமெண்ட் களம். ரேஸுக்கு நீளம் போதாது, நின்ற இடத்திலிருந்து கிளம்பிப் பழகலாம். குறுவை அறுப்பு வரை காலியாகத்தான் கிடக்கும். நான் கிளம்பிக் கிளம்பி நிற்பதைப் பார்த்துவிட்டு, “ஏம்மா, கார் ரிப்பேரா? தள்ளிவிட ஆள் கூப்பிடவா?” என்றார்.

ரேஸ் முடிந்ததும் விற்றுத்தான் ஆக வேண்டுமா? சும்மா கேட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
லாத்தா


கப்பலிலிருந்து, செங்கடல்
ஆகஸ்ட் 3

அன்பு லாத்தாவுக்கு,

ஸலாம். இங்கே வெயில் இரும்பை உருக்குகிறது, மற்றபடி சுகம். அம்மாவிடம் சொல், மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், மூன்று வேளையும் ஒரே பருப்பு.

நீ எழுதியது பதிலா? மெத்தென்று வேண்டுமாம், குலுங்கக் கூடாதாம். ரேஸ் கார் கேட்கிறாயா, ஊஞ்சல் கேட்கிறாயா? எடை கேட்டேன், சொல்லவில்லை. என்ன வேலை என்று சொல்லவில்லை. காரணம் சொல்லாமல் 264 வேண்டும் என்றால் நான் எப்படி எடுத்துக்கொள்வது?

288-க்குச் சொல்லிவிட்டேன். மயிலாடுதுறை தங்கையன் அண்ணன் பட்டறைக்கு வந்துசேரும், அவர் மாட்டுவார். மாட்டியபின் களத்தில் முதல் அறுபது அடிக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று எழுது. பழைய கேமில் எடுத்த நேரமும் வேண்டும்.

விற்பது விற்பதுதான். ஏன் கேட்கிறாய்?

ஸலாமுடன்
ஜாபிர்


பொறையாறு
செப்டம்பர் 9

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம். பதில் தாமதம், கோபித்துக்கொள்ளாதே.

கேம் மாட்டியாயிற்று. தங்கையன் அண்ணன் ஸ்டார்ட் செய்தவுடன் வண்டி நின்ற இடத்திலேயே தடதடவென்று ஆடியது. அவர் பானட்டில் கை வைத்துப் பார்த்துவிட்டு, “தம்பிக்கு இந்தச் சத்தம்தான் வேணுமா தங்கச்சி? நம்ம ஊர் டவுன் பஸ்ஸு சும்மாவே தருதே” என்றார்.

மேலே போனால் இழுக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஐந்தாயிரம் தாண்டியதும் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் அதுவரை கொண்டுபோக வேண்டுமே! ஒவ்வொரு வேகத்தடையிலும் செத்துச் செத்துப் பிழைக்கிறது. ஏ.சி. போட்டால் எஞ்சின் அணைந்துபோகிறது. ரயில்வே கேட்டில் பிரேக் கட்டைபோல இறுகி, எழுந்து நின்று மிதித்தேன்.

அறுபது அடிக்குப் பழைய கேமில் 2.3 விநாடி, இதில் 2.7. நிறையத் தடவை ஓட்டிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். நான் ஒழுங்காக ஓட்டவில்லை என்று நீ சொல்வதற்கு முன்னால் சொல்லிவிட்டேன்.

தங்கையன் அண்ணன் பிரேக் பேடு மாற்றினார். பின் ஸ்பிரிங்குக்கு வேன் ஸ்பிரிங் போட்டிருந்தோம், அதையும் சரிபார்த்தார். பூட்டில் எர்த் ஒயர் துருப்பிடித்திருந்தது, புதிது போட்டுவிட்டார். மற்றபடி வண்டி நன்றாக இருக்கிறது.

லாத்தா


கப்பலிலிருந்து, மத்தியதரைக்கடல்
செப்டம்பர் 24

ஷிஃபா லாத்தாவுக்கு,

ஸலாம். நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில்.

பிரேக் பேடு நான் கிளம்பும்போது புதிது. ஸ்பிரிங் சரியாகத்தான் இருந்தது. யார் வேன் ஸ்பிரிங் போடச் சொன்னது? பாரம் ஏற்றாத வண்டிக்கு எதற்கு அது? பூட்டுக்குள் எர்த் ஒயர் எப்படித் துருப்பிடிக்கும்? மழைத் தண்ணீரில் இவ்வளவு சீக்கிரம் துரு வராது. நான் கப்பலில் இருக்கிறவன் லாத்தா, உப்புத் தண்ணீர் ஒயரை என்ன செய்யும் என்று தினமும் பார்க்கிறேன்.

விடிந்ததும் கும்பகோணம். நிற்கும்போது ஏ.சி. குலுங்கக் கூடாது. தரங்கம்பாடியில் படகு வந்து இறங்குகிற நேரம் எனக்கும் தெரியும்.

என் காரில் மீன் ஏற்றுகிறாயா?

அம்மாவுக்கு ஸலாம் சொல்.
ஜாபிர்


கப்பலிலிருந்து
அக்டோபர் 19

லாத்தா,

ஸலாம். பதில் இல்லை. மீனா, இல்லையா என்று ஒரு வரி எழுது போதும். திட்டுவதற்கு எனக்கு நேரமில்லை, ஜெனரேட்டர் ஒன்றைப் பிரித்துப் போட்டிருக்கிறோம். எல்லோரும் சுகமா? அதையாவது எழுது.

ஜாபிர்


பொறையாறு
நவம்பர் 3

அன்புத் தம்பி ஜாபிருக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம். மழை பிடித்துக்கொண்டது. அம்மா ஈரத்தில் நடக்கக் கூடாது என்று கட்டிலோடு உட்கார வைத்திருக்கிறேன்.

ஆமாம், மீன்தான்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகு கடலுக்குப் போன வாரமே ஆரம்பித்தேன். தரங்கம்பாடி இறங்குதளத்தில் நானே ஏலத்தில் நின்று எடுப்பேன். பிறகு தெர்மோகோல் பெட்டி, ஐஸ், பூட்டில் நாலு, பின்சீட்டில் இரண்டு. கும்பகோணத்தில் அபார்ட்மெண்ட் அபார்ட்மெண்டாக வீட்டு வாசலில் கொடுப்பேன். முதல் நாள் பிரகதீஸ்வரி டீச்சர் வண்டிச் சத்தம் கேட்டு மாடியிலிருந்து எட்டிப்பார்த்தார். “என்னம்மா, ரேஸ் கார்லயா மீன் வருது?” என்றார். “ஆமா டீச்சர், துள்ளும்போதே வந்துடும்” என்றேன். மறுநாளே பக்கத்து வீட்டு இரண்டு பேரைச் சேர்த்துவிட்டார். ஆனால் சங்கரா மீனுக்கு அவர் பேரம் பேசினால் ஏலக்காரரே அழுதுவிடுவார்.

உன் மச்சான் அனுப்புவது குடும்பத்துக்குப் போதும். இது எனக்காகச் செய்தது. காலையில் எழுந்தால் எனக்கென்று ஒரு வேலை இருக்கிறது, அது பிடித்திருக்கிறது. உன்னிடம் மறைத்தது தப்புதான். நீ பூட்டில் பை வைக்கக் கூடாது என்றாய், நான் வஞ்சிரம் வைத்தேன்.

ரொம்ப மோசமாகவும் ஓட்டவில்லை. ஐஸ் உருகிய தண்ணீர் பெட்டியின் விளிம்பு வரை நிற்கும். சிந்தினால் சீட்டு நாறிப்போகும், அதனால் சிந்தவிடக் கூடாது. ஜூனில் கோடை அறுப்பின்போது பாதி ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தார்கள், மீதிப் பாதியில் பஸ்ஸுக்கு நின்று நின்று போனேன். அப்போதும் சிந்தவில்லை. 288 வந்தபிறகுதான் சிந்தியது.

இப்போது எல்லாம் சரி. போன வாரத்திலிருந்து பெட்டிகளை ஷேர் வேனில் ஏற்றி அனுப்புகிறேன். வண்டியைச் சோடா உப்பு போட்டுக் கழுவிவிட்டேன். 288-லேயே பழகிக்கொள்கிறேன். நீ சொன்னபடி இனியவனுக்கே விற்கலாம்.

கடலில் காற்று அதிகமாமே. ஜாக்கிரதை.

லாத்தா


கப்பலிலிருந்து, ஏடனைத் தாண்டி
நவம்பர் 16

அன்பு லாத்தாவுக்கு,

ஸலாம். காற்று இருக்கிறது, கப்பல் ஆடுகிறது, நான் சுகம். அம்மாவைக் கட்டிலிலேயே வை.

உன் கடிதத்தைப் பிரிண்ட் எடுத்து மூன்று வாட்ச் டியூட்டி முடிகிறவரை சட்டைப்பையில் வைத்திருந்தேன். முதல் வாட்ச் முழுக்கக் கோபம். அதை எழுதி நேரத்தை வீணாக்க மாட்டேன்.

வேன் என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். வேனில் மீன் போனபிறகு டீச்சர் என்ன சொன்னார் என்று எழுதவில்லை. ஷேர் வேன் ஆள் நிரம்பாமல் கிளம்பாது. அது கும்பகோணம் போய்ச் சேர்வதற்குள் டீச்சர் பள்ளிக்கூடத்தில் இருப்பார். எத்தனை வீடு கைவிட்டுப் போயிற்று? பதில் எழுத வேண்டாம், எழுத மாட்டாய்.

இரண்டாவது வாட்ச்சில்தான் கணக்குப் பார்த்தேன். பொறையாற்றிலிருந்து கும்பகோணம் வரை எத்தனை வேகத்தடை, எத்தனை பாலம், எத்தனை கேட்! ஒவ்வொன்றிலும் நீ நிற்கிறாய், ஆறு பெட்டி ஐஸோடு கிளம்புகிறாய், விளிம்பு வரை நிற்கும் தண்ணீர் சிந்தவில்லை. டிராக் ரேஸ் ஓட்டுகிறவன் வருஷத்துக்கு இருபது தடவை கிளம்பிப் பழகுவான். நீ அதை ஒரு காலையில் செய்கிறாய், பாரத்தோடு செய்கிறாய். அறுபது அடிக்கு 2.3 என்று எழுதினாயே, அதை நான் சரியாகவே பார்க்கவில்லை. கம்பெனி கேமில், வேன் ஸ்பிரிங்கோடு, சிமெண்ட் களத்தில் 2.3! நான் அந்த வண்டியில் 2.5-க்குக் கீழே போனதே இல்லை. எஞ்சினைப் பற்றி அத்தனை கேள்வி கேட்டேன். கிளட்சை மிதிக்கிற காலைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

மாஷா அல்லாஹ் லாத்தா. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

இப்போது முடிவு. 288 மேல் சுற்றில் பத்துக் குதிரைசக்தி அதிகம் தரும், ஆனால் அது விழிப்பதற்குள் ரேஸில் கால்வாசி முடிந்துவிடும். அது கிளம்பத் தெரியாதவனுக்கு, அவன் பின்னால் துரத்தித்தான் ஜெயிக்க வேண்டும். நீ முன்னால் போகிறவள். உனக்கு இரண்டாயிரத்து ஐந்நூறிலேயே இழுக்கிற கேம் வேண்டும். 264 இரண்டு நாளில் தங்கையன் அண்ணன் பட்டறைக்கு வரும். ஏ.சி. போட்டாலும் எஞ்சின் அணையாது, பிரேக் மெத்தென்று பிடிக்கும். அந்த வார்த்தையை நானே எழுதுகிறேன் பார்.

பெட்டிகளை வேனிலிருந்து இறக்கு. மறுபடியும் காரில் ஏற்று. அதுதான் உனக்குப் பயிற்சி.

டீச்சருக்கு என் ஸலாம்.
ஜாபிர்


பொறையாறு
ஜனவரி 29

அன்புத் தம்பி ஜாபிருக்கு,

ஸலாம். அம்மா இப்போது வாசல் வரை நடக்கிறாள். எல்லோரும் சுகம். உன் நவம்பர்க் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், “மாஷா அல்லாஹ்”வை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள்.

ரேஸ் முடிந்து நேற்றுத்தான் வந்தேன். தங்கையன் அண்ணனும் கூட வந்தார். பொறையாற்றிலிருந்து ஓட்டிக்கொண்டே போனோம். அங்கே பார்த்தால் பாதிக் கார் லாரியில் வந்து இறங்குகிறது. வரிசையில் நிற்கும்போது பக்கத்துக் காரிலிருந்து ஒரு பையன் கேட்டான்.

“அக்கா, ஏ.சி. ஓடுதா உள்ள?”

“ஓடுது. வெயில் அடிக்குதுல்ல?”

“என்ன வாடை அது?”

“சங்கரா.”

சிரித்தான். தங்கையன் அண்ணன், “சிரிச்சுக்கப்பா, லைட்டு பச்சை ஆனதும் முடியாது” என்றார். அந்தப் பையன் முதல் சுற்றிலேயே என்னோடுதான். அப்புறம் சிரிக்கவில்லை.

இரண்டாவது சுற்றுக்கு முன்னால் இனியவன் வந்து என் ஜன்னலில் குனிந்தார். “பதினாறரைக்குள்ள சீட்டு வந்துட்டா இன்னைக்கே சாவிய வாங்கிட்டுப் போயிடுவேன்” என்றார். நல்ல மனிதர்தான். அவர் போனபிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. உன்னிடம் இனி மறைக்க மாட்டேன். மூன்றாவது கியரில் கொஞ்சம் காலை எடுத்தால் போதும், சீட்டு வராது, அவர் வாங்க மாட்டார், வண்டி எனக்கே இருக்கும். அதை நினைத்துக்கொண்டேதான் கோட்டில் நின்றேன். மஞ்சள் எரிந்தது. அப்புறம் ஒன்றும் நினைக்கவில்லை. கால் என்னைக் கேட்கவே இல்லை தம்பி. வேண்டுமென்றே மெதுவாக ஓட்ட எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சுற்றில் 16.41.

கடைசிச் சுற்றில் ஒரு சிவப்புக் கார். நின்ற இடத்தில் அது ஆடிய ஆட்டத்தில் கண்ணாடியே அதிர்ந்தது, நம் 288-ஐவிடப் பெரிய கேமாம். பச்சை விழுந்ததும் நான் முழுசாக ஒரு வண்டி நீளம் முன்னால் போய்விட்டேன். பாதி தூரத்துக்கு மேல் அவன் சத்தம் பின்கண்ணாடியில் வளர்ந்துகொண்டே வந்தது. நாலாவது கியர் போட்டபோது அவன் முன்சக்கரம் என் கதவுக்கு நேரே. இன்னும் முப்பது அடி இருந்திருந்தால் என்னைத் தாண்டியிருப்பான். ஆனால் இல்லை, கோடு அங்கே இருந்தது.

16.38. ஜெயித்துவிட்டோம்.

தங்கையன் அண்ணன் அழுதார். தூசி விழுந்தது என்றார், இரண்டு கண்ணிலுமா விழும்?

இனியவன் கை நீட்டினார். “வண்டி என் தம்பியோடது, அவன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்” என்று ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நவம்பருக்குப் பிறகு நீ விற்பதைப் பற்றி எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான். பெட்டிகளை இறக்கிவிட்டேன். வேன்காரரிடமும் பேசியாயிற்று. எந்த நாளில் சாவியைக் கொடுக்க வேண்டும் என்று எழுது.

உன் அடுத்த வண்டியையும் நான்தான் ஓட்டுவேன், சொல்லிவிட்டேன்.

லாத்தா


கப்பலிலிருந்து, மும்பைக்கு மேற்கே
பிப்ரவரி 6

அன்புள்ள ஷிஃபா லாத்தாவுக்கு,

ஸலாம். உன் கடிதத்தை எஞ்சின் ரூமில் சத்தமாக வாசித்தேன். அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது, 16.38 எல்லோருக்கும் புரிந்தது. சீஃப் எஞ்சினியர் இரண்டு தடவை சொல்லச் சொன்னார். உன் மேல் எனக்குப் பெருமை தாங்கவில்லை, இதற்குமேல் எழுதினால் எனக்கே கூச்சமாக இருக்கும்.

இனியவனுக்கு எழுதிவிட்டேன், வண்டி விற்பனைக்கு இல்லை என்று. கோபப்பட்டான். கேம் நம்பரையாவது கொடு என்றான், கொடுத்தேன். அவன் அதை வாங்கிப் போட்டுக்கொள்ளட்டும், அவனுக்கு அது 16.38 தராது. அந்த 264-ஐ எஸ்டீமுக்குப் பார்த்து நான் எடுக்கவில்லை. விடியும்போது ஆறு பெட்டியை ஏற்றிக்கொண்டு கும்பகோணம் போகிற ஒருத்திக்குப் பார்த்து எடுத்தேன். அவளை இறக்கிவிட்டு வண்டியை மட்டும் விற்றால் நான் விற்பது அரை எஞ்சின். அரை எஞ்சினை நான் யாருக்கும் விற்க மாட்டேன்.

ஆர்.சி.யை உன் பெயருக்கு மாற்ற ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், கப்பல் மும்பைத் துறைமுகம் வந்ததும் தபாலில் போடுகிறேன். என் அடுத்த வண்டி காத்திருக்கும். அவசரம் எனக்குத்தான், வண்டிக்கு இல்லை.

வேன்காரரிடம் வேண்டாம் என்று இன்றே சொல். நாளைக்குப் படகு எத்தனை மணிக்கு வருகிறதோ, அதற்கு முன்னால் இறங்குதளத்தில் நில். டீச்சர் ஒரு வாரத்துக்கு மேலாக மீன் இல்லாமல் இருப்பார், முதல் வீடு அவருடையது.

அம்மாவுக்கும் மச்சானுக்கும் ஸலாம்.
உன் வண்டியின் பழைய ஓனர்,
ஜாபிர்